நியோஃப்ளை, நியோபோல்ட்: மோட்டாரைவிட அளவுக்கே அதிக மதிப்பெண்

சென்னை ஐஐடியில் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்கும் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி, கருவி உருவாக்க மையத்தை அந்த வட்டாரத்தில் எல்லோரும் ஆர்2டி2 என்றே சொல்வார்கள். அங்கே உருவாகி, நியோமோஷன் என்ற ஸ்டார்ட்அப் வழியாகச் சந்தைக்கு வந்தவை இந்த இரண்டும். நியோஃப்ளை என்பது பயன்படுத்துபவரின் உடலளவுக்கு ஏற்ப அமைத்துத் தரும் வீல்சேர். நியோபோல்ட் அதன் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார் சக்கரம். மாட்டினால் சேர் மூன்று சக்கர வண்டியாகிவிடும், கழற்றினால் மறுபடி சேர். 2022-இல் சென்னைச் சாலையில் இப்படியொரு வண்டியில் சாப்பாடு டெலிவரி செய்தவரின் வீடியோ பரவியதே, அது இதுதான்.

அந்த வீடியோவுக்குப் பிறகு விசாரிப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது மோட்டாரைப் பற்றி: எவ்வளவு வேகம், எத்தனை கிலோமீட்டர்? மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வேகம், ஒரு சார்ஜுக்கு 25 கிலோமீட்டர் வரை தூரம் என்று ஐஐடி அறிவித்தது. அறிமுக விலை நியோபோல்ட்டுக்கு 55,000 ரூபாய், நியோஃப்ளைக்கு 39,900 ரூபாய். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் சேரை வாங்குங்கள். மோட்டார் பிறகு வரட்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் மடக்கு வீல்சேர் பெரும்பாலும் 18 அங்குல இருக்கையோடு வருகிறது. நோயாளியை வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிப்போக அது போதும். நாளுக்கு எட்டு, பத்து மணி நேரம் அதிலேயே உட்கார்ந்து தன் கையாலேயே தள்ளிக்கொள்பவருக்கு அது மெதுவாகக் கெடுதல் செய்யும் பொருள். இருக்கை அகலமானால் சக்கரத்தை எட்ட ஒவ்வொரு முறையும் தோளை விரிக்க வேண்டும், சில வருடங்களில் தோள் வலி வரும். அதோடு இடுப்பு ஒரு பக்கம் சாய, முதுகெலும்பும் கூடவே வளையும். இருக்கையின் ஆழம் கூடினால் அதன் முன்விளிம்பு முழங்காலின் பின்புறம் இடிக்கும். அதைத் தவிர்க்க உடல் தானாக முன்னால் சரிந்து, வால் எலும்பின் மேல் பாரம் ஏறும். தண்டுவடக் காயத்தால் உணர்ச்சி இழந்தவருக்கு அங்கே புண் தொடங்குவது தெரியவே தெரியாது.

நியோஃப்ளையில் 18 அம்சங்களை ஆளுக்கு ஏற்றபடி அமைக்கலாம் என்கிறார்கள். பதினெட்டும் முக்கியம்தான், ஆனால் ஐந்து தவறினால் மீதி பதின்மூன்றும் வீண். ஆர்டர் கொடுக்குமுன் வீட்டிலேயே ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் ஆளோ பிசியோதெரபிஸ்டோ எடுக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கெட்டியான பலகை அல்லது மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். மெத்தை, சோபா கூடாது. இடுப்பு பின்னால் ஒட்டியிருக்க வேண்டும், முழங்கால் 90 பாகையில் மடங்கியிருக்க வேண்டும், வெளியே போகும்போது போடும் செருப்போ ஷூவோ காலில் இருக்க வேண்டும். இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு தடித்த புத்தகத்தை நெட்டுக்குத்தாகச் சேர்த்துப் பிடித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தால் அதுவே இருக்கை அகலம். டேப்பை உடலோடு வளைத்து அளப்பது தையற்கடைக்குச் சரி, இங்கே ஆகாது. அடுத்து, இடுப்பின் பின்பகுதியிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை இரண்டு காலிலும் அளந்து, குறைவான அளவிலிருந்து 3 முதல் 6 சென்டிமீட்டர் கழித்தால் இருக்கையின் ஆழம். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரையுள்ள நீளம் ஃபுட்ரெஸ்ட்டுக்கு. கையால் தள்ளிக்கொள்பவருக்கு முதுகுச் சாய்வின் உயரம் விலா எலும்புக் கூட்டின் கீழ்விளிம்பு வரை போதும். உடலைத் தாங்கும் வலு குறைந்தவருக்குத் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரை வேண்டும். உயர உயரச் சௌகரியம் என்று நினைத்து உயரமாகக் கேட்பவர்கள் அதிகம். தோள்பட்டை அசைய இடமில்லாமல் போய், தள்ளும் வீச்சு குறுகிவிடும்.

இந்த அளவெல்லாம் குஷன் வைத்த பிறகு எப்படி மாறும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 7 சென்டிமீட்டர் ஃபோம் குஷன் உட்கார்ந்ததும் அமுங்கி 4 ஆகலாம். முதுகுச் சாய்வும் ஃபுட்ரெஸ்ட்டும் அந்த அமுங்கிய உயரத்திலிருந்துதான் கணக்கிடப்பட வேண்டும். ஃபுட்ரெஸ்ட் உயர்ந்துவிட்டால் தொடை தூக்கிக்கொண்டு, முழு எடையும் இரண்டு உட்காரும் எலும்புகளில் குவியும். தாழ்ந்துவிட்டால் கால் தொங்கும், ஸ்பீடு பிரேக்கரில் தட்டும். ஆகவே குஷனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், சேரோடு சேர்த்தே முடிவெடுங்கள்.

குஷன் சரியா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சியில் சொல்லித்தரும் கைச்சோதனை எளிது. அவர் குஷன் மேல் உட்கார்ந்திருக்கும்போது உட்காரும் எலும்புக்கு நேர் கீழே, குஷனுக்கும் உடலுக்கும் நடுவே விரல்நுனிகளை நுழையுங்கள். விரலை 5 மில்லிமீட்டராவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் பாதுகாப்பு. அசைக்க முடியாமல் உருவ மட்டும் முடிந்தால் எச்சரிக்கை. விரல் நசுங்கி, உருவவே சிரமம் என்றால் அந்தக் குஷன் அவருக்கு ஆகாது. இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் நசுங்கினால் இடுப்பு சாய்ந்திருக்கிறது என்று பொருள். எந்தக் குஷனானாலும் அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் இருக்க வேண்டும். கையை ஊன்றிச் சில நொடி எம்பி உட்காருவது ரத்த ஓட்டம் திரும்பப் போதாது, தோளுக்கும் தண்டனை. பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்த ஜீன்ஸ் எவ்வளவு நல்ல குஷனையும் தோற்கடித்துவிடும்.

அடுத்தது பின்சக்கர அச்சு எங்கே நிற்கிறது என்பது. தோளிலிருந்து கையைத் தொங்கவிட்டால் நடுவிரல் அச்சைத் தொட வேண்டும். தள்ளுவளையத்தின் உச்சியில் கைவைத்தால் மேல்கைக்கும் முன்கைக்கும் இடைப்பட்ட முழங்கைக் கோணம் 100 முதல் 120 பாகை இருக்க வேண்டும். அச்சு முன்னால் வந்தால் தள்ளுவது இலகு, திருப்புவது இலகு, வாசல்படி ஏற்ற முன்சக்கரத்தைத் தூக்குவதும் இலகு. ஆனால் பின்னால் கவிழும் அபாயமும் அதனோடு கூடும். புதிதாகச் சேருக்கு வந்தவருக்குக் கொஞ்சம் பின்னால் வைத்துத் தொடங்கி, பழகப் பழக முன்னால் நகர்த்துவதே முறை.

இந்த அச்சு விஷயம் நியோபோல்ட்டையும் நேரடியாகப் பாதிக்கிறது. மோட்டாரை மாட்டியதும் சேரின் சிறிய முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, இழுக்கும் வேலை முழுவதும் முன்னாலுள்ள ஒற்றைச் சக்கரத்துக்குப் போகிறது. அதன்மேல் எவ்வளவு எடை விழுகிறதோ அவ்வளவுதான் பிடிப்பு. அச்சை முன்னால் கொண்டுவந்தவருக்கு உடல் எடையில் பெரும்பங்கு பின்சக்கரங்களில் நிற்கும், அதனால் முன்னால் பாரம் குறையும். செங்குத்தான ஏற்றத்தில் எடை இன்னும் பின்னால் நகர, மணலோ ஈரமான டைல்ஸோ கீழே இருந்தால் முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். முன்னால் நன்றாகக் குனிந்தால் ஓரளவு சரியாகும். குனியும் அளவுக்கு வயிற்றுத் தசை வேலை செய்யாதவர்கள் அந்த ஏற்றத்தைத் தனியாக முயலக்கூடாது. இது இந்தத் தயாரிப்புக்கு மட்டும் உள்ள குறை இல்லை, முன்னால் மாட்டும் எல்லா மோட்டாருக்கும் உரியது. ஆனால் வாங்குமுன் உங்கள் தெருவின் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், ஷோரூம் தரையில் இது தெரியவே தெரியாது.

திருப்பத்தில் இன்னொரு கவனம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்ற அமைப்பு ஆட்டோவுக்கும் இதற்கும் ஒன்றே, கவிழும் விதமும் ஒன்றே. வளைந்துகொண்டே பிரேக் பிடிப்பது மிக மோசம். எடை முன்னோக்கியும் வெளிப்பக்கமும் ஒரே நேரத்தில் பாய, உள்பக்கப் பின்சக்கரம் தூக்கிவிடும். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு வளையுங்கள். 25 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். குழியைப் பார்த்துவிட்டு யோசிக்க ஒரு நொடி எடுத்தாலும் 7 மீட்டர் போயிருக்கும். முதல் சில வாரம் 10, 12-க்கு மேல் போக வேண்டாம் என்போம்.

காலைக் கட்டுவதைப் பலர் அசட்டையாக விடுகிறார்கள். தண்டுவடக் காயமுள்ளவருக்குக் குலுங்கும்போது கால் தானாகத் துடித்து ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து விழலாம், விழுந்தது தெரியவும் தெரியாது. ஓடும் வண்டிக்குக் கீழே பாதம் மாட்டினால் எலும்பு முறிவில்தான் முடியும். கெண்டைக்காலுக்குப் பின்னே ஒரு பட்டை, பாதத்துக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு பெல்ட் என மூன்றும் இல்லாமல் மோட்டாரை மாட்டவே கூடாது.

தூரக் கணக்கில் 25-ஐ அப்படியே நம்பிப் போக வேண்டாம். உடல் எடை, ஏற்றம், காற்றுக் குறைந்த டயர், பழகிய பேட்டரி எல்லாம் அதைத் தின்னும். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது போக வர 16 கிலோமீட்டர் என்று திட்டமிடுவது நிம்மதி. சார்ஜ் தீர்ந்தாலும் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளிக்கொள்ளலாம் என்பது தனி மூன்று சக்கர ஸ்கூட்டரில் கிடைக்காத வசதி. இந்த வடிவமைப்பின் நிஜமான கெட்டிக்காரத்தனமும் அங்கேதான். இறங்கி ஏற வேண்டியதில்லை, அலுவலக வாசலில் மோட்டாரை விட்டுவிட்டு அதே சேரில் உள்ளே போய்விடலாம். ஸ்கூட்டரில் போய் இறங்குபவருக்கு அங்கே இன்னொரு சேர் வேண்டும், அதில் உட்கார வைக்க ஓர் ஆளும் வேண்டும். மோட்டாரை நிறுத்த நிழலும் பூட்டும் உள்ள இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். லித்தியம் பேட்டரியை முழுக்கத் தீர்ந்த நிலையில் வாரக்கணக்கில் போட்டு வைத்தால் கெட்டுவிடும்.

யாருக்கு இது வேண்டாம்? பிரேக் லீவரை அழுத்த விரலில் வலு இல்லாதவர்கள், கழுத்துப் பகுதியில் தண்டுவடக் காயம் பட்டவர்கள், ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது. தலையையும் உடலையும் தாங்க ஆதரவு தேவைப்படும் பெருமூளை வாதமுள்ளவர்களுக்கு வேறு வகை இருக்கை வேண்டும். வலிப்பு வருபவர்களுக்கு மோட்டார் கூடாது. ஏற்கெனவே புண் இருப்பவர் முதலில் அதை ஆற்ற வேண்டும். நிற்பதுதான் தேவை என்றால் இதே மையம் 2019-இல் பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிப்பில் கொண்டுவந்த அரைஸ் என்ற நிற்கும் வீல்சேரைப் பார்க்கலாம். நெடுநாள் படுத்திருந்தவர் டாக்டரைக் கேட்காமல் அதில் எழக்கூடாது, எலும்பு மெலிந்திருக்கும், ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். எடை குறைந்த சேர்தான் வேண்டும் என்பவர்கள் 2025-இல் வந்த 9 கிலோ ஒய்டி ஒன்-னையும் விசாரிக்கலாம்.

வீட்டையும் அளக்க மறந்துவிடாதீர்கள். சேரின் மொத்த அகலம் இருக்கை அகலத்தைவிட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கூடும். பழைய வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டடிதான், திறந்த கதவின் தடிமன் போனால் அதைவிடக் குறைவு. வாசலில் 15 சென்டிமீட்டர் படி ஒன்று இருந்தாலே 1:12 சரிவுக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்ட சிமெண்ட் சரிவுகளில்தான் மேலே சொன்ன முன்சக்கரச் சுழற்சியும் பின்னால் கவிழ்வதும் நடக்கின்றன.

பல்கலைக்கழக ஆய்விலிருந்து வரும் கருவிகளில் நாங்கள் கறாராகப் பார்ப்பது சேவையை. ஆர்டர் எடுக்கும்போதே கேளுங்கள்: அளவை நேரில் எடுப்பவர் யார், டெலிவரியின்போது உட்கார வைத்துச் சரிசெய்து தருபவர் யார், ஆறு மாதம் கழித்து உடல் மெலிந்தாலோ பருத்தாலோ மாற்றித் தருவார்களா, உங்கள் ஊருக்கு டயர், ட்யூப், பேரிங் எத்தனை நாளில் வரும்? திருநெல்வேலிக்கும் தர்மபுரிக்கும் பதில் சென்னைக்குச் சொல்லும் பதிலாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுத்தில் வாங்குங்கள்.

பராமரிப்பில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. காற்றடைத்த டயர் என்றால் வாரம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். காற்றுக் குறைந்தால் தள்ளக் கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தும் பிரேக் டயரை அழுத்தியே பிடிக்கிறது என்பதால் பிரேக்கும் அதோடு தளர்ந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. படுக்கையிலிருந்து சேருக்கு மாறும் நேரத்தில் சேர் நழுவி விழுவதற்கு அடிக்கடி காரணம் அதுதான். முன்சக்கர அச்சில் சுற்றிய தலைமுடியையும் நூலையும் மாதம் ஒருமுறை கத்தரியால் வெட்டி எடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்றால், மோட்டாரைப் பேட்டரியின் வயதைக் கேட்டு வாங்கலாம். சேர் இன்னொருவர் உடலுக்கு அமைத்தது. அவருடைய ஐந்து அளவும் உங்களுடையதும் ஒட்டி வந்தால் மட்டும் கையை நீட்டுங்கள்.