நான்கு ஒயர் ஜி.பி.எஸ். கருவியும் டிராக்கார் மென்பொருளும்: வண்டியைக் கவனிக்க எது போதும், எது அதிகம்

நான்கைந்து வேன் வைத்து நடத்தும் டிராவல்ஸ், வாட்டர் கேன் சப்ளை, கூரியர் போன்ற சிறு தொழில்களில் பெரும்பாலும் மாட்டப்படுவது ஜி.டி.06 வகைக் கருவி. சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என நான்கு ஒயர், உள்ளே ஒரு சிம். விற்பவர் தன் செயலியையும் சேர்த்துத் தருவார், ஆண்டுக்கொரு சந்தா கேட்பார். இங்கே பேசப்போவது அதே கருவியை, அந்தச் செயலியை விட்டுவிட்டு, டிராக்கார் என்ற இலவச, திறமூல மென்பொருளோடு சொந்த சர்வரில் இணைத்து ஓட்டுவது பற்றி.

வேகத்தைக் கண்காணிக்க இந்த ஏற்பாடு தாராளமாகப் போதும். ஓட்டுநரின் அந்தரங்கத்துக்கும் விற்பவரின் செயலியைவிட இதுவே மேல். ஆனால் மென்பொருளை நிறுவிய கையோடு அந்தப் பாதுகாப்பு வந்துவிடாது. சில அமைப்புகளை முதலாளியே மாற்ற வேண்டும், சில ஒயர்களை மாட்டாமலே விட வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பெர்மிட் உள்ள டாக்சி, வேன், பஸ் போன்ற பயணிகள் வண்டிக்கு இது சட்டப்படியான மாற்று ஆகாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2016 நவம்பர் 28 அறிவிக்கை சேர்த்த 125எச் விதிப்படி, அவற்றுக்கு ஏ.ஐ.எஸ். 140 என்ற வாகனத் தரத்தின்படி சான்று பெற்ற கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் பதிவான புதிய வண்டிகளுக்கு இது கட்டாயம். இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு விலக்கு உண்டு. அந்தக் கருவி குறைந்தது இரண்டு சர்வர்களுக்குத் தரவு அனுப்பும் திறன் கொண்டது. வண்டி மின்சாரத்தைத் துண்டித்தாலும் குறைந்தது 4 மணி நேரம் தன் பேட்டரியில் இயங்கும். சிக்னல் இல்லாத இடத்தில் 40,000 பதிவுகள் வரை சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். அதை நிறுத்தி வைக்கும் உரிமை ஓட்டுநருக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை. எனவே இனி வருவதெல்லாம் அந்தக் கட்டாயத்துக்குள் வராத சரக்கு வண்டிகளுக்கும், கட்டாயக் கருவி போக முதலாளி தானே கூடுதலாக மாட்டும் கருவிகளுக்கும்தான்.

மாட்டும்போது அதிகம் கெட்டுப்போவது ஆரஞ்சு ஒயரில். அது சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இக்னிஷன் லைனில் போக வேண்டும். சோம்பல்பட்டு எப்போதும் மின்சாரம் உள்ள லைனில் முறுக்கிவிட்டால், வண்டி நின்றிருக்கும்போதும் ‘இக்னிஷன் ஆன்’ என்றே பதிவாகும். பேட்டரி இறங்குவது ஒரு கேடு. நின்ற இடத்தில் இன்ஜின் ஓடியதைச் சொல்லும் ஐடிலிங் அறிக்கையில் ‘இரவெல்லாம் இன்ஜினை ஓடவிட்டார்’ என்று ஓட்டுநர் மேல் பழி விழுவது அதைவிடப் பெரிய கேடு. சம்பளப் பிடித்தம் வரை போகிற தகராறுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு இணைப்பைத்தான். சிவப்பு ஒயரில் ஃபியூஸ் கட்டாயம். கருவியின் ஆன்டெனாப் பக்கம் வானத்தைப் பார்த்து, டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக் கீழே இருக்கட்டும், இரும்புத் தகட்டுக்குக் கீழே வேண்டாம். பழைய ஜி.டி.06என் போன்றவை 2ஜி கருவிகள், 2ஜி இல்லாத ஜியோவின் சிம் அவற்றில் வேலை செய்யாது.

மஞ்சள் ஒயர் ரிலே என்ற மின்சார ஸ்விட்சுக்கு. எரிபொருளைத் துண்டிக்கும் இந்த வசதியைத்தான் விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மாட்டியே ஆக வேண்டுமென்றால் ரிலேவில் மின்சாரம் இல்லாதபோது இணைந்திருக்கும் 30, 87ஏ முனைகளில் மாட்டுங்கள். ரிலே செத்தாலும் எரிபொருள் ஓடும், நடுரோட்டில் வண்டி நிற்காது. 24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் ரிலே போட்டால் சுருள் கருகிவிடும். ஜி.டி.06என் கருவியில் ஜி.பி.எஸ். நிலை உறுதியாகி, வேகம் 20 கி.மீ.க்குக் கீழே வந்தால்தான் துண்டிப்புக் கட்டளை செயல்படும். அதே தோற்றத்தில் வரும் மலிவு நகல்களில் இந்தப் பாதுகாப்பு இருக்கிறதென்று நம்பிவிடக் கூடாது. எங்கள் கருத்து: வண்டி திருட்டுப் பயம் இல்லாத இடத்தில் மஞ்சள் ஒயரை டேப் சுற்றி அப்படியே விடுவது நல்லது.

இன்னும் ஒரு ஒயர் உண்டு, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஜி.டி.06என் பெட்டியில் ஒரு சிறிய மைக் வருகிறது. பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிட்டால் வண்டிக்குள் பேசுவதை ஓசையில்லாமல் கேட்கலாம். இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குத் தெரியவே தெரியாது. வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மைக்கை மாட்டாதீர்கள், ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்றுங்கள். வேலைக்குச் சேரும் ஓட்டுநர்களும் டேஷ்போர்டுக்குக் கீழே மைக் போகிறதா என்று கேட்டுப் பார்ப்பது தவறில்லை.

வேகத்துக்கு வருவோம். வானம் திறந்த சாலையில் ஜி.பி.எஸ். காட்டும் வேகம் மிகவும் நம்பகமானது. பெரும்பாலான ஸ்பீடோமீட்டர்கள் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே வருகின்றன. அதனால் ‘மீட்டரில் 64, கருவியில் 60’ என்ற வேறுபாடு கருவியின் பிழையல்ல. மேம்பாலத்துக்கு அடியிலும், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் சிக்னல் எதிரொலித்து, நின்றிருக்கும் வண்டிக்கும் வேகம் காட்டும். ஒரே ஒரு புள்ளி 110 என்று துள்ளிவிட்டு அடுத்தது 45 என்றால் அது வேகமல்ல, சிக்னல் கோளாறு. டிராக்காரில் வேக மீறலுக்குக் குறைந்தபட்ச நேரம் வைக்க வழியுண்டு. அதை 15 அல்லது 20 நொடி என்று வையுங்கள். 60 கி.மீ. வேகத்தில் 10 நொடிக்கு ஒரு பதிவு என்றால் இரு புள்ளிகளுக்கு இடையே சுமார் 167 மீட்டர், 30 நொடிக்கு ஒன்று என்றால் 500 மீட்டர். அரை கிலோமீட்டருக்கு ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு ‘பள்ளிக்கூட வாசலில் வேகமாகப் போனாய்’ என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

டிராக்காரில் தடுமாற வைக்கும் ஒரு விஷயம்: அது வேகத்தை உள்ளே, கப்பல் வேகத்தை அளக்கும் நாட் அளவில்தான் வைத்திருக்கிறது. திரையில் கிலோமீட்டராக மாற்றிக் காட்டும். ஆனால் மற்ற நிரல்கள் பேசும் ஏ.பி.ஐ. வழியாக நேரடியாக 60 என்று வரம்பு வைத்தால் அது 60 நாட், அதாவது மணிக்கு 111 கி.மீ. எச்சரிக்கையே வராது, கருவி கெட்டுவிட்டதென்று நினைப்பார்கள். 60 கி.மீ. வேண்டுமென்றால் 32.4 என்று கொடுக்க வேண்டும். ஒரே வரம்பு எல்லாச் சாலைக்கும் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். சென்னை மாநகரில் 2023 நவம்பர் முதல் இலகு வண்டிக்கு 60, கனரக வண்டிக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30 கி.மீ. என்று வைத்திருக்கிறார்கள். புறவழிச் சாலைக்கு வைத்த 80 இந்தத் தெருவில் எதையும் காப்பாற்றாது. வரைபடத்தில் ஜியோஃபென்ஸ் என்ற எல்லைக்கோடு வரைந்து பகுதிக்குப் பகுதி வரம்பு வைக்கலாம்.

இனி தரவு எங்கே போகிறது என்ற கேள்வி. 2022 ஜூலையில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, மைக்கோடஸ் எம்.வி.720 என்ற கருவியைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. கண்டுபிடித்தது பிட்சைட் நிறுவனம். மாற்ற முடியாதபடி உள்ளேயே எழுதப்பட்ட கடவுச்சொல், 123456 என்ற பொதுக் கடவுச்சொல், அடையாளச் சோதனையில்லாமல் ஏற்கப்படும் எஸ்.எம்.எஸ். கட்டளைகள் என்று ஓட்டைகள் இருந்தன. வெளியாள் ஒருவர் வண்டி இருக்கும் இடத்தைப் பார்க்கலாம், எரிபொருளையும் துண்டிக்கலாம். கருவி ஒன்றானாலும் பாடம் இந்த வகை முழுவதற்கும் பொருந்தும். பெட்டியிலிருந்து எடுத்ததும் கருவியின் எஸ்.எம்.எஸ். கடவுச்சொல்லை மாற்றுங்கள், அனுமதி எண்ணாக உங்கள் எண்ணை மட்டும் வையுங்கள்.

சொந்த சர்வர் இதில் ஒரு பாதியைத்தான் தீர்க்கிறது. கருவி சர்வரோடு பேசும் ஜி.டி.06 நெறிமுறையில் மறைகுறியாக்கம் கிடையாது. கருவி தன் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யைச் சொல்லி உள்ளே வரும், கடவுச்சொல் கிடையாது. அந்த எண் தெரிந்தவர் போலி இருப்பிடத்தை அனுப்பலாம். ஆகவே ஐ.எம்.இ.ஐ. ஒட்டியிருக்கும் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சர்வரில் கருவிகளுக்கு 5023 என்ற போர்ட்டை (இணைப்பு வாசலை) மட்டும் திறந்துவிட்டு, 8082இல் வரும் இணையப் பக்கத்தை என்ஜின்எக்ஸ் என்ற இடைநிலை வெப் சர்வருக்குப் பின்னால் எச்.டி.டி.பி.எஸ். வழியாக மட்டும் காட்டுங்கள். இப்போதைய பதிப்புகளில் முதலில் பதிவு செய்பவரே நிர்வாகி ஆவார். அதனால் நிறுவியவுடன் பதிவு செய்துவிட்டு, வெளியார் பதிவு செய்யும் வசதியை மூடிவிடுங்கள். கூடவே வரும் எச்2 தரவுத்தளம் சோதித்துப் பார்க்கத்தான். தொழிலுக்கு போஸ்ட்கிரஸ் அல்லது மைஎஸ்க்யூஎல்.

டிராக்காரை நாங்கள் விரும்பக் காரணம் இரண்டு அமைப்புகள். அமைப்புக் கோப்பில் வரலாற்று நாட்களுக்கு 30 என்று கொடுத்தால், அதற்கு முந்தைய பயணப் பதிவுகளை அது தானே அழித்துவிடும். விற்பவரின் செயலியில் எவ்வளவு நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் தெளிவான பதில் கிடைக்காது. இரண்டாவது, ஓட்டுநருக்கே தன் வண்டியை மட்டும் பார்க்கும் கணக்கொன்று கொடுக்கலாம், எதையும் மாற்ற முடியாத வகையில். தன்மீது சொல்லப்படும் புகாரைத் தன் கண்ணாலேயே சரிபார்க்க அவருக்கு வேறு வழியில்லை.

சட்டமும் இங்கே அவருக்குப் பெரிதாக உதவாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 7ஆம் பிரிவில் வேலைவாய்ப்பு சார்ந்த தேவைகளுக்கு ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் 11ஆம் பிரிவு உரிமையோ ஒப்புதல் கொடுத்தவர்களை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. இது பெரிய குறை. நல்ல முதலாளி சட்டம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை: கருவி எங்கே இருக்கிறது, என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எப்போது அழியும் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி வேலைக்குச் சேரும் நாளிலேயே கொடுத்துவிடலாம்.

டிராக்காரில் அதிகம் கவனிக்க வேண்டியது வேலை நேரத்துக்குப் பிறகு பதிவாவதைத்தான். அதில் காலண்டர் வசதி இருக்கிறது, ஆனால் எச்சரிக்கைக்கு மட்டும் காலண்டர் வைத்தால் எச்சரிக்கைகள்தான் நேரத்துக்குள் அடங்கும். இருப்பிடப் பதிவு நிற்பதில்லை. ஓட்டுநர் வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போகும் இடங்களில், அவர் கோயிலுக்குப் போனதும் ஆஸ்பத்திரிக்குப் போனதும் சர்வரில் சேரும். இக்னிஷன் அணைந்திருக்கும்போது இருப்பிடம் அனுப்பாமல் இருக்கக் கருவியின் டைமர் கட்டளையில் இரண்டாவது மதிப்பைப் பூஜ்யமாக்கலாம். நிறுத்திய வண்டிக்கு அது போதும், ஓடும் வண்டிக்கு உதவாது. திருட்டுப் பயம் உள்ளவர்களுக்கு அதுவும் ஒத்துவராது. சொந்த வேலைக்கு வண்டி கொடுக்கும் இடத்தில், புதிய பதிப்புகளில் கருவிக்கே காலண்டர் வைத்து வேலை நேரத்துக்கு வெளியே வரும் இருப்பிடங்களை வடிகட்டிவிடலாம்; அந்த வசதி இல்லாத பதிப்பில் அலுவலகப் பயனர்களின் கணக்கிலிருந்து அந்த வண்டியை மாலையில் விலக்கிக் காலையில் சேர்க்கலாம். இரண்டாவது கைவேலை, ஆனால் செய்யத் தக்கது.

வண்டியை விற்கும்போது கருவியைக் கழற்றுங்கள். கழற்ற முடியாவிட்டால் ஃபேக்டரி ரீசெட் கட்டளை கொடுத்து, பிறகு சிம்மை எடுத்துவிட்டு, டிராக்காரில் அந்தக் கருவியை நீக்குங்கள். விற்பவரின் செயலியில் இருந்தால் கணக்கிலிருந்து நீக்கியதை எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் வண்டியை வாங்கியவர் போகும் இடமெல்லாம் உங்கள் போனில் ஓடிக்கொண்டிருக்கும்.