4,600 வெள்ளி கட்டிக் கண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன்: லேசர் சிகிச்சைக்கு முன் படியுங்கள்

லேசர் சிகிச்சைக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஒரு தனியார் கண் மருந்தகத்திலிருந்து நேற்று மாலை வந்த மூன்று வரிப் பதிலைப் படித்த பிறகு இரவு முழுவதும் தூக்கமில்லை. "உங்கள் சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது, கண் வறட்சி எதிர்பார்க்கப்பட்ட ஒன்றே, பணத்தைத் திருப்பித் தர இயலாது" என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்பார்க்கப்பட்ட ஒன்று என்றால், பணம் வாங்கும் முன் அதை ஏன் என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை?

சிங்கப்பூர் நகரின் நடுவே ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருக்கும் இடம் அது. பெயர் சொல்லப் போவதில்லை. பதினொரு ஆண்டுகளாகக் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு, நாள் முழுவதும் கணினித் திரை முன் கணக்கு பார்க்கும் எனக்குப் பவர் இரண்டு கண்ணிலும் மைனஸ் 6.50. கண்ணாடியே வேண்டாம் என்ற ஆசையோடு சென்ற ஆண்டு இறுதியில் இலவசப் பரிசோதனைக்குப் போனேன்.

அங்கே ஆலோசகராக இருந்த பெண் என் பெயரைப் பார்த்ததும் தமிழில் பேசத் தொடங்கினார். நான் விழுந்த இடம் அதுதான். மேசை மேலிருந்த பிளாஸ்டிக் கண் மாதிரியிலிருந்து முன்பக்கத்துக் கண்ணாடி மூடியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "வெங்காயத் தோல் மாதிரி மேல ஒண்ண எடுப்போம், கீழ லேசாச் செதுக்குவோம், மறுபடி மூடிடுவோம் அக்கா. ஒரு செல்லுக்கும் ஒண்ணும் ஆகாது. என் தங்கச்சிக்கே இங்கதான் பண்ணினோம்" என்றார். தங்கைக்கே செய்திருக்கிறார் என்ற ஒரு வார்த்தைக்குப் பிறகு நான் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை. அன்றைக்கே 500 வெள்ளி முன்பணம், ஜனவரியில் மீதி 4,100. மொத்தம் 4,600 வெள்ளி.

அந்தப் பரிசோதனை நாளில் லென்ஸ் போட்டுக்கொண்டுதான் போனேன். அதைக் கழற்றி வைத்த அரை மணி நேரத்தில் அளவெடுத்து முடித்துவிட்டார்கள். மென்மையான லென்ஸ் போடுபவர்கள் அளவெடுப்பதற்குக் குறைந்தது ஒரு வாரமாவது அதை நிறுத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் லென்ஸ் கருவிழிப் படலத்தின் (கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி மூடி போன்ற கார்னியா) வடிவத்தையே சற்று மாற்றி வைத்திருக்கும் என்பதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்கும் காகிதப் பட்டைச் சோதனையும் எனக்குச் செய்யவில்லை.

சிகிச்சை முடிந்து இப்போது ஐந்து மாதம். விடியற்காலை ஐந்து மணிக்கு இமை கண்ணோடு ஒட்டிக்கொண்டுதான் விழிப்பு வருகிறது. வெடுக்கென்று திறந்தால் தோல் உரிவதுபோல வலிக்கும். அதனால் கண்ணை மூடியபடியே தலைமாட்டில் தடவிச் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்து, இமை ஓரத்தில் விட்டு, ஊறும்வரை காத்திருந்து, கட்டைவிரலால் மெல்லப் பிரிக்கிறேன். பவரும் முழுதாகப் போகவில்லை. எம்ஆர்டி ரயில் நிலையத்தில் எதிர்ப்பக்கத்துப் பலகை எனக்கு இன்னும் மங்கல்தான்.

இதைச் சொல்ல மருந்தகத்துக்கு முதல் முறை போனபோது மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்துப் போனால் ஆறு மாதம். மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றால் அவர் அறுவைச் சிகிச்சையில் இருக்கிறார். தமிழ் பேசிய பெண் வேறு கிளைக்கு மாறிவிட்டாராம். என் வாட்ஸ்அப் செய்திகளுக்கு நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. "வாழ்நாள் பராமரிப்பு" என்று அச்சடித்துக் கொடுத்தார்களே என்று கேட்டால், அது பவருக்கு மட்டும்தான், வறட்சிக்கு இல்லை, கண்ணீர் வடிந்து போய்விடாமல் அது வடியும் துளையை அடைக்கத் தனியாக 480 வெள்ளி என்கிறார்கள். 4,600 வெள்ளி வாங்கியவர்கள் சொல்லும் பேச்சா இது?

கடைசியில் பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் மஞ்சள் சாயம் விட்டு நீல ஒளியில் படம் எடுத்துத் திரையில் காட்டினார். என் கருவிழியின் கீழ்ப்பாதி முழுவதும் பச்சைப் புள்ளிகள். அவை உரிந்தும் சேதப்பட்டும் இருக்கும் மேல்தோல் செல்கள் என்றார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்ததற்குப் பத்து நிமிடத்தில் அவர் விளக்கியது, 4,600 வெள்ளிக்கு எனக்குக் கிடைக்காத விளக்கம்.

கருவிழிப் படலம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன்தான். என் கண்ணில் செய்ததுபோல மடல் வெட்டித் தூக்கும்போது, மேல்தோலுக்கு ஊட்டம் தந்து, கண்ணீரைச் சுரக்கச் சொல்லும் நுண்ணிய நரம்புகள் அறுபடுகின்றன. அவை மீண்டும் வளரப் பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள் ஆகும். வெட்டின் விளிம்பிலும் லேசர் செதுக்கிய இடத்திலும் உள்ள, படலத்தின் நடு அடுக்கைப் பராமரிக்கும் கெரட்டோசைட் என்னும் செல்கள் சில மணி நேரத்திலேயே மடியத் தொடங்குகின்றன. அக்கம்பக்கத்துச் செல்கள் பெருகி அந்த இடத்துக்கு வந்தாலும், படலத்தின் முன்பகுதியில் அவற்றின் அடர்த்தி ஆண்டுகள் கழிந்தும் குறைந்தே இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதனால் எல்லோருக்கும் பார்வை கெடுவதில்லை, பெரும்பாலானோர் நன்றாகவே இருக்கிறார்கள் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். உள்பக்கத்தில் தேன்கூடுபோல ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள்தான் இறந்தால் மீண்டும் உருவாகாதவை. லேசர் பொதுவாக அவற்றைக் கெடுப்பதில்லை. என் எண்ணிக்கை சதுர மில்லிமீட்டருக்கு 2,600, வயதுக்குச் சரியானதே. அந்த ஒன்றைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. "ஒரு செல்லுக்கும் ஒண்ணும் ஆகாது" என்று என் மொழியிலேயே சொன்னார்களே, அந்தப் பொய்யின் மேல்தான் கோபம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவற்றை மட்டும் மனத்தில் வையுங்கள். இலவசப் பரிசோதனை நாளிலேயே முன்பணம் கட்டாதீர்கள். லென்ஸை நிறுத்தச் சொல்லாமல் அளவெடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கண்ணீர்ச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கருவிழிப் படலத்தின் தடிமன் எவ்வளவு, வெட்டிய பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று ஆலோசகரிடம் அல்ல, அறுவை செய்யும் மருத்துவரிடமே எழுத்தில் கேளுங்கள். ரசீதையும் செய்திகளையும் அழிக்காதீர்கள். நான் பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதிவிட்டேன். அங்கே தீராவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம், அதற்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். என் 4,600 வெள்ளியை நான் விடப்போவதில்லை.

இதைத் தட்டச்சு செய்வதற்குள் நான்கு முறை சொட்டு மருந்து விட்டாயிற்று. எழுத்துகள் கலங்கத் தொடங்கிவிட்டன, நிறுத்துகிறேன்.