ஒபெக்கும் பன்னாட்டு எரிசக்தி முகமையும்: விற்பவர் அணி, வாங்குபவர் அணி

டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் தெருமுனை பெட்ரோல் பங்க்கின் விலைப்பலகைக்குப் பின்னால், வரிகளைத் தவிர, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக், எண்ணெய் நுகரும் நாடுகளின் அமைப்பான பன்னாட்டு எரிசக்தி முகமை ஆகிய இரண்டின் நிழலும் விழுகிறது. இங்குள்ள தமிழ் நண்பர்கள் பலர் இரண்டையும் ஒன்றெனக் கருதுவதால் இதை எழுதுகிறேன்.

ஒபெக் 1960 செப்டம்பரில் பாக்தாத்தில் ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுலா ஆகிய 5 நாடுகளால் தொடங்கப்பட்டது. மேற்கத்தியப் பெருநிறுவனங்கள் உற்பத்தி நாடுகளைக் கலந்துகொள்ளாமலேயே எண்ணெயின் அறிவிப்பு விலையைக் குறைத்ததே அதற்கு உடனடிக் காரணம். தம் மண்ணின் வளத்துக்குத் தாமே விலை சொல்ல வேண்டும் என்ற அந்நாடுகளின் கோரிக்கை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். 1965 முதல் வியன்னாவில் இயங்கும் அவ்வமைப்பின் கருவி, உற்பத்தி ஒதுக்கீடு; அதாவது எந்த உறுப்பு நாடு எவ்வளவு எண்ணெய் எடுக்கலாம் என்ற வரம்பு.

பாரிஸிலுள்ள முகமையோ 1973 எண்ணெய்த் தடையின் அதிர்ச்சியில், 1974 நவம்பரில் பிறந்தது. (அத்தடையை விதித்தது ஒபெக் அன்று, அரபு எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் தனி அமைப்பு.) இதன் கருவி கையிருப்பு: இறக்குமதியை நம்பியுள்ள ஒவ்வொரு உறுப்பு நாடும் 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான எண்ணெயைச் சேமித்திருக்க வேண்டும். உக்ரைன் போரையடுத்து 2022இல் இக்கையிருப்பிலிருந்து 18 கோடிக்கும் மேற்பட்ட பீப்பாய்களை வெளியிட உறுப்பு நாடுகள் முடிவுசெய்தன.

இறக்குமதியையே பெரிதும் நம்பியிருக்கும் நமக்கு முகமையே நெருக்கமானது. ஆனால் 2017இல் இந்தியா அதில் முழு உறுப்பினராக அன்றி, இணைப்பு நாடாக மட்டுமே சேர்ந்தது. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களின் பாறைக் குகைகளில் நமக்கிருக்கும் அவசரகாலக் கொள்ளளவு 53.3 லட்சம் டன்.