ப்ளூஜேயில் மாணவர் சேர்க்கை புரோகிராம்: அம்புக்குறி அருமை, பெஞ்ச் எரிச்சல்

ஜாவா சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: மாணவர்களைப் பாடங்களில் சேர்க்கும் பயிற்சியை ப்ளூஜேயிலேயே செய்யச் சொல்லலாமா, நேராக வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் இன்டெலிஜே என்ற ஜாவா எடிட்டருக்குப் போய்விடலாமா? 1999இல் மொனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து, கற்பிப்பதற்கென்றே வந்த கருவி ப்ளூஜே. இலவசம், இலகுவானது. இதெல்லாம் தெரிந்த விஷயம்தான்.

முதலில் அதன் அம்புக்குறிகள். ப்ளூஜே ஒவ்வொரு கிளாஸையும் (ஒரு வகைப் பொருளுக்கான வரைவு) ஒரு பெட்டியாகக் காட்டும்; ஒரு கிளாஸ் இன்னொன்றைப் பயன்படுத்தினால் தானாகவே புள்ளிக்கோட்டு அம்பு போட்டுவிடும். புதிதாக எழுதுபவர் பெரும்பாலும் ஸ்டூடண்டுக்குள் கோர்ஸ் பட்டியலையும் கோர்ஸுக்குள் ஸ்டூடண்ட் பட்டியலையும் வைப்பார். உடனே இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இரு பக்கமும் அம்பு வந்துவிடும். ஸ்டூடண்டின் சேர்க்கும் மெத்தட் (கிளாஸ் செய்யும் ஒரு வேலை) கோர்ஸின் மெத்தடை அழைக்கும், அது மறுபடி ஸ்டூடண்டின் மெத்தடை அழைக்கும், இப்படி முடிவில்லாமல் போய் நினைவகம் நிரம்பி, கடைசியில் ஸ்டாக்ஓவர்ஃப்ளோஎரர். இரண்டு கிளாஸின் டூஸ்ட்ரிங்கும் (ஆப்ஜெக்டை எழுத்தாக்கித் தரும் மெத்தட்) ஒன்றையொன்று அச்சிட்டால் அங்கேயும் இதே கதிதான். ஆனால் எரர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது.

சரிசெய்யும் வழியும் படத்திலேயே புரியும். மதிப்பெண்ணை எங்கே வைப்பது என்று கேட்டுப் பாருங்கள். ஐந்து பாடத்துக்கு ஐந்து மதிப்பெண் இருப்பதால் ஸ்டூடண்டில் ஒரு ஃபீல்டு (மதிப்பை வைக்கும் இடம்) போதாது. அறுபது பேருக்கு அறுபது மதிப்பெண் என்பதால் கோர்ஸிலும் முடியாது. அதற்கு என்ரோல்மென்ட் என்று மூன்றாவது கிளாஸ் வேண்டும். ஒரு ஸ்டூடண்ட், ஒரு மதிப்பெண், சேர்ந்த தேதி. கோர்ஸ் இந்த என்ரோல்மென்ட்களின் ஆரேலிஸ்டை, அதாவது பட்டியலை, வைத்துக்கொள்ளும். ஸ்டூடண்டிலிருந்து வெளியே ஒரு அம்புகூடப் போகாது. ஒருவர் எந்தெந்தப் பாடத்தில் இருக்கிறார் என்பதை, எல்லா கோர்ஸையும் வைத்திருக்கும் நான்காவது கிளாஸ் தேடிச் சொல்லட்டும். இதைக் கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்கினாலும் இவ்வளவு தெளிவாகப் பதியாது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். கீழே ஆப்ஜெக்ட் பெஞ்ச் இருக்கிறது. கிளாஸை ரைட் கிளிக் செய்து கன்ஸ்ட்ரக்டரை (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி) அழைத்தால் அங்கே சிவப்புப் பெட்டியாக ஆப்ஜெக்ட் வந்து உட்காரும். எத்தனை பேர் சேரலாம் என்ற வரம்பைச் சோதிக்க கோர்ஸின் இடங்களை 2 என்று வையுங்கள். 60 வைத்தால் சோதித்து முடியாது. ஒரு கோர்ஸ், மூன்று ஸ்டூடண்ட், மூன்று சேர்க்கை, ஆக ஏழு டயலாக். ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் இரட்டை மேற்கோள் குறி கட்டாயம், விட்டால் எரர். மூன்றாவது ஸ்டூடண்டுக்கும் ட்ரூ, அதாவது சேர்ந்தாயிற்று, என்றே பதில் வருகிறது. தவறு எங்கே என்று தேடினால், பட்டியலின் நீளத்தை வரம்போடு ஒப்பிடும் இடத்தில் < போடாமல் <= போட்டிருக்கும். அந்த ஒற்றை = குறியை எடுத்துவிட்டு கம்பைல் செய்தால் பெஞ்ச் மொத்தமாகத் துடைத்துவிடப்படும். சரியானதா என்று பார்க்க மறுபடி அதே ஏழு டயலாக்.

காரணம் நியாயமானதுதான். பழைய கிளாஸில் பிறந்த ஆப்ஜெக்ட் புதிய கிளாஸோடு சேர்ந்து வாழ முடியாது. ஆனால் செய்ததைப் பதிவுசெய்யும் வசதி ப்ளூஜேயிடமே இருக்கிறது! சோதனைகளை எழுதும் யூனிட் டெஸ்ட் கிளாஸ் ஒன்றை உருவாக்கி, அதை ரைட் கிளிக் செய்து பெஞ்சை டெஸ்ட் ஃபிக்ஸ்சராக (சோதனைக்கான ஆயத்த நிலையாக) சேமித்தால், பிறகு அதே மெனுவிலிருந்து ஃபிக்ஸ்சரைப் பெஞ்சுக்குத் திரும்பக் கொண்டுவரலாம். பெஞ்சைத் துடைக்கும் நேரத்தில் அதுவே ஒரு வார்த்தை கேட்டால் என்ன? மேலும், கன்ஸ்ட்ரக்டரில் ஒரு பாராமீட்டர் (கொடுக்க வேண்டிய மதிப்பு) கூடினால் அந்த ஃபிக்ஸ்சர் கம்பைல் ஆகாது. அதன் நிரலை நாமே திருத்த வேண்டும். இரண்டாவது வாரத்தில் இருக்கும் மாணவர் அங்கே திணறிப்போவார்.

பெஞ்ச் பிடித்துக்கொடுக்கும் இன்னொரு தவறையும் சொல்லிவிட வேண்டும். ஒரே பதிவு எண்ணில் இரண்டு ஸ்டூடண்ட் ஆப்ஜெக்ட் உருவாக்கி இரண்டையும் ஒரே கோர்ஸில் சேர்த்துப் பாருங்கள். ஈக்வல்ஸ் (இரண்டு ஆப்ஜெக்ட் ஒன்றுதானா என்று சொல்லும் மெத்தட்) எழுதாத கிளாஸில் இரண்டும் வேறு வேறு ஆட்கள், இரட்டைப் பதிவு நடந்துவிடும். ஈக்வல்ஸை எழுதும்போது அதன் ஜோடியான ஹாஷ்கோட் மெத்தடையும் சேர்த்தே எழுதுங்கள். பதிவு எண் இன்ட் (முழு எண் வகை) ஆக இருக்கவே கூடாது: 0012 என்று எழுதினால் ஜாவா அதை எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்ம முறையில் படித்து 10 ஆக்கிவிடும், 08 கம்பைலே ஆகாது. எழுத்துச் சரமான ஸ்ட்ரிங்தான் சரி.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், வீட்டில் தனியாகக் கற்பவருக்கு இன்றைக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. படம் பார்க்க மட்டும் ப்ளூஜேயைத் திறக்கட்டும். சோதிப்பதற்கு, புரோகிராம் தொடங்கும் இடமான ஒரு மெயின் மெத்தட் போதும். அந்த ஏழு டயலாக்கும் அதில் ஏழு வரிகள், எத்தனை முறை கம்பைல் செய்தாலும் அங்கேயே இருக்கும்.