மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங்: பத்து வருட கேரண்டி காகிதத்தை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் சங்கச் செயலாளருக்கும் அனுப்புங்கள். "பக்கத்து பில்டிங்ல வேலை பார்க்கிறோம், உங்க மாடியையும் சும்மா பார்த்துச் சொல்றோம்" என்று கோடையில் வந்து ஏறிய ஓர் ஒப்பந்தக்காரரிடம் எங்கள் குடியிருப்பு இரண்டே முக்கால் லட்சம் ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறது.

எங்களுடையது பழைய கட்டடம். மூன்று மாடி, 12 வீடுகள். மொட்டை மாடியில் ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்த தளம். ஓடுகளுக்கு நடுவே பூச்சு உதிர்ந்து, மேல் மாடி வீடுகளில் லேசாக ஓதம் காத்தது. பழைய ஓட்டைப் பெயர்க்க வேண்டாம், இடுக்குகளை அடைத்து, வலை விரித்து, மூன்று கோட் கெமிக்கல் அடித்தால் போதும் என்றார் வந்தவர். "பத்து வருஷத்துக்கு மாடிப்பக்கமே வர வேண்டாம் சார்." 60 சதவீதம் முன்பணம்.

நடந்த வேலையைச் சொல்கிறேன். வலை விரித்தது மாடிப்படியிலிருந்து கண்ணில் படுகிற கைப்பிடிச்சுவர் ஓரத்தில் மட்டும். டேங்குக்கு அடியில் கூட்டிப் பெருக்கக்கூட இல்லை, தூசியின் மேலேயே அடித்திருக்கிறார்கள். அங்கே நகத்தால் நிமிண்டினால் பூச்சு பாலாடை மாதிரி உரிந்து வருகிறது. அதன் அடிப்பக்கம் முழுக்கச் செங்கல் நிறத்தில் தூசி. மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றிக் கலவையை அப்பியதில் வாய் தளத்தைவிட உயர்ந்துவிட்டது. முன்பு வாட்டத்தில் ஓடிப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் இப்போது அங்கேயே குளமாக நிற்கிறது.

ஐப்பசி மழையில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் மாமி வீட்டுப் படுக்கையறை சீலிங் பூச்சு பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. அப்போது அவர் சமையலறையில் இருந்தார். இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. விழுந்த இடத்தில் கம்பி துருப்பிடித்துப் பொருக்குப் பொருக்காகத் தெரிகிறது. துருப்பிடித்த கம்பி வீங்கும்; வீங்கினால் சுற்றியிருக்கும் கான்கிரீட்டை வெடிக்கவைத்துத் தள்ளும். இது பெயின்ட் அடித்து மூடுகிற விஷயமில்லை.

போன் செய்தால் முதலில் "ஆள் அனுப்புறேன்" என்றார். அப்புறம் "பில்டிங் அசையுது, அது கேரண்டியில வராது" என்றார். காகிதத்தை எடுத்துப் பார்த்தால், கட்டட அசைவாலும் விரிசலாலும் வரும் கசிவுக்குப் பொருந்தாது என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. விரிசல் வழியாக இல்லாமல் தண்ணீர் வேறு எதன் வழியாகக் கசியும்?

பணம் போனதைவிட மோசம், இன்னொரு முறை வசூலிக்கவே முடியவில்லை. "எங்க வீட்லயா ஒழுகுது?" என்கிறார்கள் கீழ்வீட்டுக்காரர்கள். 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டம் (ரெரா) மொட்டை மாடியைப் பொதுப் பகுதி என்றே வரையறுக்கிறது. ஒழுகுவது மாமி வீட்டில் என்பதால் செலவும் மாமியுடையது ஆகிவிடாது. இதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மாடியில் வேலை நடந்தால், தண்ணீர் கட்டிப் பார்க்காமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். குழாய் வாய்களை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டு, கீழே சீலிங்கைப் பாருங்கள். நேர்மையாக வேலை செய்தவர் இதற்குத் தயங்க மாட்டார். இவரோ, "பூச்சு இன்னும் காயணும், இப்ப தண்ணி கட்டினா கெட்டுடும்" என்று சொல்லியே பாக்கியையும் வாங்கிப் போனார். பக்கெட்டுகளையும் எண்ணுங்கள். ஒரு கிலோ எத்தனை சதுர அடிக்கு வரும் என்று பக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். கணக்குப் போட்டால் மூன்று கோட்டா, ஒன்றரைக் கோட்டா என்று தெரிந்துவிடும். பில் கேட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும் என்று பயமுறுத்துவார்கள். பரவாயில்லை, பில் வாங்குங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்து போனதால் ஆதாரம் இருக்கிறது. உங்களுடையது ரெராவில் பதிவான புதுக் கட்டடமாக இருந்தால், வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடம் வரை கட்டுமானக் குறையை பில்டரே செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். வெளி ஆளைக் கூப்பிடும் முன் அவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

உங்கள் குடியிருப்புக்கும் இப்படி யாராவது வந்து மாடியேறினால், எங்கள் மாடியை ஒருமுறை வந்து பாருங்கள். பதிவின் கீழே கேளுங்கள், முகவரி சொல்கிறேன். வாட்ச்மேன் அண்ணனிடம் சாவி இருக்கிறது.