பட்ஜெட் டேப்லெட்: ரெண்டு கோடை தாண்டிய பிறகு

15,000 ரூபாய்க்குள் வாங்கும் எந்த டேப்லெட்டும் முதல் மாதம் நன்றாகத்தான் ஓடும். அதன் குணம் தெரிய ரெண்டு கோடையாவது கழிய வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் அதன் ஆயுளைத் தின்பவை ரெண்டு: சூடு, நிரம்பி வழியும் ஸ்டோரேஜ்.

சூட்டை முதலில் பார்ப்போம். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. சுற்றிலும் 35 டிகிரியைத் தாண்டியிருக்கும்போது சார்ஜ் ஏற்றுவது அதற்கு ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் தட்டட்டிக்கு நேர் கீழே இருக்கும் அறை பகல் முழுக்க அப்படித்தான் கொதிக்கும். அந்த நேரத்தில் தடித்த கவரோடு மெத்தையில் சாய்த்து, சார்ஜரையும் செருகிக்கொண்டு கிரிக்கெட் பார்த்தால் முதுகுப்பக்கம் சுடும், வெளிச்சம் தானாகக் குறையும், படம் திக்கித் திக்கி ஓடும். இது பழுதில்லை, கருவி தன்னைக் காத்துக்கொள்கிறது. தினமும் இதே கதையென்றால் பேட்டரி உப்பத் தொடங்கும்.

உப்பலைக் கண்டுபிடிக்கக் கவரைக் கழற்றி, சமமான மேஜையில் மல்லாக்க வைத்து, மூலைகளை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். முன்பு ஆடாதது இப்போது ஆடினாலோ, ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குத் திரை தூக்கியிருந்தாலோ சார்ஜ் போடுவதை அன்றோடு நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். அமுக்கி ஒட்டப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கக் கூடும்.

சார்ஜ் மெதுவாக ஏறுவது இந்த விலையின் பெரிய குறை. ரெட்மி பேட் எஸ்இ போன்றவற்றில் 8000 எம்ஏஎச் பேட்டரி, 10 வாட் சார்ஜிங். வோல்ட்டேஜோடு பெருக்கிக் கணக்குப் போட்டால் பேட்டரி கொள்வது சுமார் 31 வாட்-மணி. இழப்பையும் சேர்த்தால் முழுசாக ஏற நாலு மணி நேரம்கூட ஆகலாம். அதனால் விடியற்காலைக் குளிர்ச்சியில் பட்டாசலில் வைத்து ஏற்றுவதே சரி. 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் இருந்தால் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

படத் தரத்துக்குத் திரையின் பிக்சலை மட்டும் நம்பாதீர்கள். படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் வைட்வைன் என்ற பூட்டு முறையின் உயர்ந்த நிலையான எல்1 இருக்கிறதா என்று கேளுங்கள். கீழ்நிலையான எல்3 மட்டும் உள்ள கருவியில் நெட்ஃபிளிக்ஸ் 480பி-யைத் தாண்டாது, திரை முழு எச்டி ஆனாலும்! நெட்ஃபிளிக்ஸ் செயலியின் ஆப் செட்டிங்ஸில் பிளேபேக் விவரம் என்ற பகுதியில் இது தெரியும். காசு கொடுக்கும் முன் கடையிலேயே பார்த்துவிடலாம். யூடியூபில் பொதுவாக இந்தச் சிக்கல் வராது. ஆச்சி சீரியல் பார்க்க மட்டும் என்றால் எல்1-க்காக மெனக்கெட வேண்டியதில்லை.

அளவில் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 8.7 அங்குலம், 332 கிராம். ஏ9 பிளஸ் 11 அங்குலம், 480 கிராம். படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடிக்கச் சின்னது, ரெண்டு பேர் சேர்ந்து பார்க்கப் பெரியது. பெரியதில் நாலு ஸ்பீக்கர் இருப்பதால் ஃபேன் சத்தத்திலும் வசனம் கேட்கும்.

ஸ்டோரேஜ் விஷயத்தில் 64 ஜிபி போதாது. சிஸ்டமே கணிசமாகப் பிடித்துக்கொள்ளும். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இஎம்எம்சி என்ற மலிவான, வேகம் குறைந்த மெமரிதான். அது நிரம்ப நிரம்ப, எழுதுவதற்குக் காலி இடம் தேடியே மந்தமாகிவிடும். எப்போதும் 10 ஜிபியாவது காலியாக வையுங்கள், படங்களை மெமரி கார்டுக்கு மாற்றுங்கள்.

ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் ஆடிக் காற்றில் தேரி மண் டைப்-சி துளைக்குள் போய் இறுகிவிடும். கேபிள் முழுசாக உள்ளே போகாமல் லொடலொடக்கும், சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். கருவியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி, பின் எதுவும் வேண்டாம்.

வைஃபை மட்டும் உள்ள மாடலை போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் எச்டி படத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை கரையும். நெல்லை எக்ஸ்பிரஸில் பார்க்க வேண்டியதை முந்தின நாளே வீட்டு வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை ஓடவிட்டால் 48 மணி நேரத்தில் காலாவதியாகும் படங்களும் உண்டு. இறங்கிவிட்டதா என்று சோதிக்க அவற்றைத் தொடாதீர்கள்.