மாநிறம் மாநிறமாகவே வர: நெல்லைப் பக்கத்து வீடியோ வேலைக்கு கேனான் ஆர்50

கல்யாணம், கோயில் கொடை, யூடியூப் பேட்டி என்று எடுப்பவருக்கு லென்ஸோடு சேர்த்து ஒரு லட்சத்துக்குள் கேமரா வேண்டும். எடுத்த பிறகு கலர் திருத்த உட்கார நேரம் கிடையாது. ஆனால் முகம் முகமாக வர வேண்டும். இப்படிக் கேட்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது கேனான் ஈஓஎஸ் ஆர்50. 2023-இல் வந்த மாடல். அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் அதன் இடம் குறையவில்லை.

கருப்போ சிவப்போ மாநிறமோ, மனிதத் தோலின் சாயல், நிறங்களை வட்டமாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப் என்ற அளவுத்திரையில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் விழும். ஆளுக்கு ஆள் மாறுவது பெரும்பாலும் வெளிச்ச அளவும் நிற அடர்த்தியும்தான். அந்தக் கோட்டைவிட்டுப் பச்சைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தாலும் முகம் காய்ச்சலில் கிடந்து எழுந்தது போல ஆகிவிடும். ஆர்50 பெட்டியிலிருந்து எடுத்தபடியே கோட்டை ஒட்டி, சிவப்புப் பக்கம் ஒரு நூல் சாய்ந்து நிற்கிறது. நம் ஊர்க் கருத்த முகங்களுக்கு அந்தச் சாய்வு நன்மைதான். கன்னத்தில் உயிர் தெரிகிறது.

இதையும் அப்படியே விட்டு எடுத்தால் பாதிப் பலன்தான். மெனுவில் வீடியோ சிஸ்டத்தை முதலில் ‘பால்’ (PAL) ஆக்குங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 பிரேமில் ஷட்டர் 1/50 நொடி வைத்தால் டியூப் லைட் துடிக்காது. நிறப் பாணியை முடிவு செய்யும் பிக்சர் ஸ்டைலில் ‘ஆட்டோ’ வேண்டாம், காட்சிக்குக் காட்சி நிறம் மாறும். ‘நியூட்ரல்’ எடுத்து, ஷார்ப்னஸ் அளவு 0-இல் இருக்கிறதா என்று பார்த்து, நிற அடர்த்தியான சாச்சுரேஷனை -1 வையுங்கள். முகூர்த்தப் பட்டின் சிவப்பு மடிப்புத் தெரியாமல் ஒரே கட்டியாக அப்பிப்போவது இதிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். ஹைலைட் டோன் பிரயாரிட்டியை ஆன் செய்தால் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 200-இலிருந்துதான் தொடங்கும், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சட்டை வெளிறாது. முக நிழலைத் தன்னிஷ்டத்துக்கு ஏற்றும் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசரும் அதோடு அணைந்துவிடும்.

வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடவே கூடாது. குளோசப்பில் சிவப்புப் பட்டு நிறைந்தால் கேமரா அதைச் சரிக்கட்டப் பார்த்து நீலப்பச்சைக்குப் போகும். நலங்கில் மஞ்சள் பூசிய முகம் நிறைந்தால் நீலத்துக்குப் போகும். முகம் நிற்கும் அதே இடத்தில் 18 சதவீதச் சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு ஸ்டில் எடுத்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸில் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். அட்டை இல்லையென்றால் சலவைத் துணி உதவாது. நீலம் போட்ட வேட்டி வெள்ளையே அல்ல. கொடை ராத்திரியில் தீப்பந்தத்தை வைத்து அளக்கவும் கூடாது. ஒயிட் பேலன்ஸை 3200 முதல் 4000 கெல்வினுக்குள் (வெளிச்ச நிறத்தின் அளவு) பூட்டிவிடுங்கள். தீ ஆரஞ்சாக இருக்கும், சாமியாடியின் நெற்றியில் திருநீறு வெள்ளையாக இருக்கும்.

அடுத்து எக்ஸ்போஷர். ஆட்டோவில் விட்டால் வெள்ளைச் சட்டையைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருண்டுவிடும். இருட்டான கோயில் மண்டபத்தில் அதற்கு நேர்மாறாக, முகம் வெளிறிச் சாம்பல் பூத்துவிடும். மேனுவலில் வைத்து, வெளிமானிட்டரில் வெளிச்ச அளவைச் சதவீதமாகக் காட்டும் வேவ்ஃபார்மில் கருத்த முகத்தின் வெளிச்சப் பக்கக் கன்னத்தை 40 முதல் 50 சதவீதத்திலும், மாநிறத்தை 50 முதல் 60-இலும் நிறுத்துங்கள். 70 என்று பழைய பாடத்தில் இருப்பது வெள்ளைக்காரர் முகத்துக்கான அளவு. “கொஞ்சம் வெளுப்பாகக் காட்டுங்க” என்று வீட்டார் கேட்பார்கள். அதற்காக ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பு) ஏற்றினால் முதலில் போவது நெற்றியும் மூக்கும்தான். அங்கே நிறமே இருக்காது, வெறும் வெள்ளைத் திட்டு. நல்ல வெளிச்சத்தில் சரியான அளவில் எடுத்த கருத்த முகம் அத்தனை அழகாக இருக்கும். அதைப் போட்டுக் காட்டினால் பெரும்பாலானவர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

எந்தக் கேமராவாலும் திருத்த முடியாதது கெட்ட வெளிச்சம். மலிவு எல்இடியில் அடர்சிவப்பு குறைவு. மாநிறத் தோல் அதில் சாம்பல் பச்சையாகத் தெரியும். பழைய ஹாலோஜன் வீடியோ லைட் அனலாகக் கொதித்தாலும் முகத்தை இந்த அளவுக்குக் கெடுத்ததில்லை, அதில் சிவப்புக்குப் பஞ்சமில்லை. லைட் வாங்கும்போது நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் சிஆர்ஐ 95-க்கு மேல் என்பதோடு நிற்காமல் அடர்சிவப்புக்கான ஆர்9 எண்ணையும் பாருங்கள், 90-க்குக் குறைந்தால் வேண்டாம். மண்டபத்து ஊதா, ரோஸ் லைட்டுகளை மணமேடைப் பக்கம் அணைக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இரண்டு நிறம் ஒரே முகத்தில் விழுந்தால் ஒயிட் பேலன்ஸ் எதைச் சரிசெய்யும்? கருத்த தோலுக்குப் பெரிய, மென்மையான வெளிச்சம் வேண்டும். சின்ன லைட் நெற்றியில் புள்ளியாக மின்னும். அதே லைட்டை 4 அடித் தெர்மாகோல் அட்டையில் அடித்துத் திருப்பினால் கன்ன எலும்பு ஓரமாக ஒரு பளபளப்பு ஓடி முகத்துக்கு வடிவம் கொடுக்கும்.

வெளியே எடுக்கும்போது தரையைப் பாருங்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரியில் செம்மண் தாடைக்குக் கீழே சிவப்பை அடிக்கும். அம்பாசமுத்திரம் வயல் வரப்பில் அதே இடத்தில் பச்சை. பிரேமுக்கு வெளியே ஆளின் காலடியில் வெள்ளை வேட்டியை விரித்தால் இரண்டும் அடங்கும்.

ஆர்50-இன் குறைகளும் கொஞ்சமல்ல. பிறகு கலர் திருத்துவதற்கான லாக் பதிவு கிடையாது, நிறப் படிகள் கூடுதலான 10 பிட் வேண்டுமென்றால் எச்டிஆர் திரைக்கான எச்டிஆர் பிக்யூ பதிவு மட்டும்தான், சாதாரணப் பதிவு 8 பிட். இருட்டாக எடுத்துப் பிறகு ஏற்றினால் கருத்த கன்னத்தில் கட்டம் கட்டமாக உடையும். ஒரே கார்டு இடம், ஹெட்போன் துளை இல்லை, உடம்பில் ஸ்டெபிலைசர் இல்லை, ஒரே பதிவு 1 மணி நேரத்தில் நின்றுவிடும். தாலி கட்டும் நேரத்துக்கு முன்பே நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். எல்பி-ஈ17 பேட்டரி சின்னது, 3 இல்லாமல் முகூர்த்தத்துக்குப் போக வேண்டாம். பெரிய குறை கூட வரும் 18-45 லென்ஸ். 45 மி.மீ.-இல் அதன் திறப்பு எஃப்6.3தான், 50 மி.மீ. எஃப்1.8 லென்ஸ் அதைவிட 12 மடங்கு வெளிச்சம் வாங்கும். ஐஎஸ்ஓவைத் தூக்கினால் இரைச்சல் குறைப்பு தோலின் நுணுக்கத்தையெல்லாம் மெழுகிவிடும்; அதற்கு லென்ஸை மாற்றுவதே மருந்து.

சோனி இசட்வி-ஈ10 ஆட்டோஃபோகஸிலும் ஒலியிலும் நல்ல கேமரா, ஹெட்போன் துளையும் உண்டு. தோல் நிறம் மட்டும் டியூப் லைட்டில் மஞ்சள் பச்சைக்குச் சாயும். ஒயிட் பேலன்ஸ் ஷிப்டில் மெஜந்தா பக்கம் ஒரு படி தள்ளுங்கள், சாஃப்ட் ஸ்கின் எஃபெக்டை அணையுங்கள். 8 பிட்டில் சோனியின் லாக் பதிவான எஸ்-லாக்3 எடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் 2024-இல் வந்த ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-எம்5. 10 பிட் 4:2:2 நிறப்பதிவு, சினிமா பாணி எடர்னா நிறம், ஹெட்போன் துளை எல்லாம் உண்டு. வியூஃபைண்டர் இல்லாததால் நெல்லை வெயிலில் திரையைப் பார்த்து எடுப்பது பெரும்பாடு.

கடையில் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சொந்தக் கார்டும் கூடவே ஒரு மாநிற ஆளும் போதும். கடை வாசல் நிழலில் 5600 கெல்வினில் ஒரு நிமிடம், உள்ளே கடை லைட்டில் கஸ்டம் ஒயிட் பேலன்ஸோடு ஒரு நிமிடம், ஒப்பிடும் இரண்டு கேமராவிலும் எடுங்கள். வீட்டு டிவியில் போட்டுக் காது மடலையும் உதட்டையும் பாருங்கள். நிறம் தப்பினால் முதலில் அங்கேதான் தெரியும்.